கொடிமலைமேல் எழுந்த மேகம்

ஒன்பது வயதில் எனக்கு அக்காமேல் இருந்த பொறாமையை வைத்து உலையே கொதிக்க வைத்திருக்கலாம். அவள் என்னைவிட நிறமாக இருந்தாள், முடியும் அதிகம், அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாமா தன் நோட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஜெலுத்தோங்கில் எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். வானிலைத் தேர்வு ஒன்று பாக்கி இருந்தது. அதற்காகச் சாயங்காலங்களில் அக்கா நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பாள்.

"காத்தழுத்தம் குறைஞ்ச பக்கமா பறந்தா உயரமானி என்ன காட்டும்?"

"நெசமா இருக்கிற உயரத்தைவிடக் கூட காட்டும். அதை நம்பினா மலையில முட்ட வேண்டியதுதான்லா."

பதில் தப்பினால் அவர் தலையில் குட்டும் உரிமையும் அக்காவுக்கு உண்டு. நான் கதவுக்குப் பின்னால் நின்று அத்தனையையும் மனப்பாடம் செய்தேன். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

தேர்வு நடப்பதற்குள் ஜப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள். நோட்டு அடுப்புக்குள் போனது. அன்று அம்மா, மாமா, அக்கா மூவரும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசினார்கள். என்னை மட்டும் கோழி அடைக்க அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து மாமா பசாரில் கீரை விற்றார். அவருக்குக் கீரை விற்கப் பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஜப்பானியப் பாட்டும், திடலில் மரவள்ளி நடுவதும்தான் அப்போது பாடம். ஒருநாள் விமானத் திடலிலிருந்து ஒரு ஜப்பானிய அதிகாரி பார்வையிட வந்தார். கொடிமலைமேல் எழுந்திருந்த மேகத்தைக் கைகாட்டி, உடைந்த மலாயில், இன்றைக்கு மழை வருமா என்று விளையாட்டாகக் கேட்டார். முன்வரிசையில் நின்ற அக்காவைத்தான் முதலில் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு தெரியாது என்றாள்.

தெரியாதாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்திரிக்கொட்டை போல் முன்னால் வந்து நின்றேன். அந்த மேகத்தின் தலை தட்டையாக விரிந்துவிட்டது, முதலில் சில்லென்று காற்றடிக்கும், காற்று திசை மாறும், பிறகு இடியும் மழையும், அதன் அடியில் விமானம் போகவே கூடாது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அக்கா பின்னாலிருந்து என் கையைக் கிள்ளினாள். பொறாமைக்காரி, கிள்ளட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. யார் சொல்லிக்கொடுத்தது என்றார். என் மாமா, விமானம் ஓட்டப் படித்தவர் என்றேன். அவர் எனக்கு ஒரு பொட்டலம் சீனி கொடுத்தார். சீனியைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அரைமணி நேரத்தில் மழை கொட்டியது. அக்கா எனக்காக நிற்காமல் வீட்டுக்கு ஓடினாள். நான் சீனியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு நனைந்தபடி போய்ச் சேர்ந்தபோது, மாமா இரண்டு வேட்டியை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடுவதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. ஜப்பான்காரர்களுக்கு வானம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது; மாமாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு சுமத்ராவுக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். அதற்குமேல் எந்தச் சேதியும் இல்லை.

லாரி போனதும் அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"யாருடி வெளியில சொன்னது?"

"நாந்தாம்மா" என்றாள் அக்கா.

அம்மா விட்ட அறையில் அவள் சுவரில் போய் மோதினாள். எனக்கோ ஆத்திரம் பொங்கியது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன், அதையும் இவள் தட்டிப் பறிக்கிறாளே. "பொய்! நான்தான் சொன்னேன். அவளுக்குத் தெரியவே இல்லை" என்று கத்தி அழுதேன்.

அக்காவைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்து அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கன்னம் சிவக்க நின்ற அக்கா, பேசாதே என்று எனக்குத் தலையசைத்தாள். அவளுக்கு அவ்வளவு பொறாமை என்றுதான் நினைத்தேன்.