எண்ணெய் ஊற்ற ஓட்டையில்லாத வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ "வணக்கம் மாமா" என்றார்கள். தூக்கிவாரிப் போட்டதில் கீரை ஒரு பக்கம், முறம் ஒரு பக்கம். திரும்பினால் ஒரு பையன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி சிரிக்கிறான். கேட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டான். பொட்டுச் சத்தம் இல்லை, புகை இல்லை. பேட்டரி வண்டியாம். என் மகள் கட்டிக்கொள்ள விரும்பும் மல்லாங்கிணற்றுப் பையன். என்னிடம் 'சரி' என்று ஒரு வார்த்தை வாங்கிப்போக வந்திருந்தான்.

நானும் இப்படிப் பெண் கேட்டுப் போனவன்தான். ஆனால் நான் வருவது தெருவுக்கே தெரியும். என் டூ ஸ்ட்ரோக் வண்டி முக்குத் திரும்பும்போதே கொடியில் காயும் வெள்ளை வேட்டிகளை உள்ளே எடுத்துவிடுவார்கள்.

அந்த வண்டியால் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர்கூட வந்ததில்லை. ஊர் சுற்ற மட்டும்தான். எங்கள் திருச்சுழிப் பக்கம் கண்மாயில் தண்ணீர் நிற்கும் நாளைவிட நிற்காத நாள்தானே அதிகம்? சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக்கிடக்கும் தரையில் கூட்டாளிகளோடு வண்டியை விரட்டிக்கொண்டு திரிவேன். அந்த வகை வண்டிக்குப் பெட்ரோலோடு சேர்த்து ஆயிலும் ஊற்ற வேண்டும். டூ டி ஆயில் என்பார்கள். நான் ஊற்றியது பீப்பாயிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயில். புகை வந்தால் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். இவ்வளவுதான் என் இஞ்சின் ஞானம்.

பெண் வீடு பாளையம்பட்டி. பெண்ணின் அப்பா எண்ணெய்க் கடைக்காரர். வேலையைப் பற்றிக் கேட்பார், நிலபுலம் கேட்பார் என்று பதிலெல்லாம் உருப்போட்டுப் போயிருந்தேன். மனுஷன் நேரே வண்டியிடம் போனார். பெட்டியிலிருந்த ஆயில் பாட்டிலை எடுத்து, நல்லெண்ணெயைச் சோதிப்பதுபோல உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். தேய்த்தார். மோந்தார்.

"மாப்ள, இது ஏற்கெனவே வேல பாத்து ரிட்டையரான எண்ணெயில்ல?"

கையிலிருந்த கேசரித் தட்டைத் திண்ணையில் வைத்தேன்.

"லூஸு ஆயிலு மாமா. எல்லாரும் ஊத்துறதுதான்..."

"ஆசையா வச்சிருக்க வண்டிக்கே கசட்ட ஊத்துறீக. எம் மக வந்தா அவளுக்கு என்னத்த ஊத்துவீக?"

சொல்லி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

எனக்கோ கதவிடுக்கில் பார்த்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை; மெக்கானிக்குகள் காலடியில் கிடந்து எண்ணெயைப் படித்தேன். மற்ற வண்டி ஆயில் இஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். இது பெட்ரோலோடு எரிந்துபோக வேண்டியது. எரிந்தபின் கரியை விட்டுப்போகக் கூடாது. டூ ஸ்ட்ரோக்குக்கென்றே செய்ததாக, சீல் பிரிக்காததாக வாங்க வேண்டும். கூட ஊற்றினால் புகை, குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றினால் கருப்பட்டி நிறம் இருக்கலாம், கரிச்சட்டி நிறம் ஆகாது.

பூ, பழம் வாங்காமல் சீல் வைத்த டூ டி டப்பாவோடு அவர் கடையில் போய் நின்றேன். திறந்தார், தேய்த்தார், மோந்தார், தலையாட்டினார். பிறகு தன் கடையிலிருந்தே ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"சுத்தமான வெளக்கெண்ண. இதையும் டேங்குல ஊத்திட்டுப் போங்க மாப்ள."

ஊற்றினால் வண்டி என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியும். ஊற்றாவிட்டால் நான் என்ன ஆவேன் என்பதும் தெரியும். ஊற்றினேன். அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் வண்டி இருமி, விக்கி, நின்றது. மிச்ச வழி முழுக்க, கருவேல மரங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், வெயிலில் உருட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் பஸ்ஸில் போனேன்.

"எப்பிடி ஓடுச்சு?" என்றார்.

"வெண்ணெ மாதிரி மாமா."

"பொய்யி. நீங்க உருட்டிட்டுப் போறத பஸ்ஸுல வந்த நம்ம சரக்கு ஆளு பாத்துட்டு வந்து சொல்லிட்டான். வெளக்கெண்ண பெட்ரோல்ல கலக்காம அடியில போயிப் படுத்துக்கிடும்னு எண்ணெ யாவாரிக்குத் தெரியாதா? குடுத்தா மறுக்காம ஊத்துறீகளான்னு பாத்தேன்."

அதிர்ச்சியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த வாயில் சீனியைப் போட்டார் மாமனார்.

பின்னாளில் மனைவியிடம் என்னை எப்படிப் பிடித்தது என்று கேட்டேன். "அந்தப் பொகையில மூஞ்சி எங்க தெரிஞ்சது?" என்றாள்.

இதெல்லாம் மனதில் ஓட, பையனின் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "தம்பி, எண்ணெ எங்குன ஊத்துவீக?"

"எண்ணெயே கெடையாது மாமா. சார்ஜு போட்டாப் போதும்."

உள்ளங்கையை விரித்தபடி திகைத்து நின்றேன். எதை மோந்து பார்த்து ஓர் ஆளை எடைபோடுவது? என்ன நினைத்தேனோ, உள்ளே போய்த் தலைக்குத் தேய்க்கிற விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து நீட்டினேன். "இத ஊத்திட்டுப் போங்க."

பையன் முழித்தான். என்னைப் பார்த்தான், வாசலில் நிற்கும் என் மகளைப் பார்த்தான். பாட்டிலை வாங்கிக்கொண்டு, இல்லாத ஓட்டையைத் தேடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"எங்குன மாமா ஊத்தட்டும்?"

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. "சரி" என்றேன்.

அவன் போனபின் குனிந்து பார்த்தேன். பாளையம்பட்டி வாசலில் என் வண்டி ஒழுக்கிய கறை வருஷக்கணக்கில் போகாமல் கிடந்தது. மாமனார் போய்ச் சேர்ந்தார், வீடு கைமாறி இடிந்தது, கறையும் போயிற்று. இங்கே என் மகளைக் கேட்டு ஒருவன் வந்துபோயிருக்கிறான். தரையில் ஒரு சொட்டு இல்லை.