பொய்க் கல்யாணத்துக்குப் புறப்பட்ட பித்தப்பை

ஐஸ் விற்கிறவனுக்கு மூட்டுவாதம் வந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பத்தில் எனக்கு ஒரு ஐஸ் கடை. கருங்குழிப் பக்கமிருந்து பாளம் பாளமாக வரும் ஐஸை உடைத்து, படகுக்காரர்களுக்கும் மீன் வாங்க வருகிறவர்களுக்கும் கூடையில் அள்ளிக் கொடுப்பது தொழில். குளிர் பட்டால் விரல் கோணிக்கொள்வது வியாதி. கடவுளுக்கும் பொழுது போக வேண்டாமா?

முடக்குவாதம் என்று பெயர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உடம்பின் மூட்டுகளையே எதிரி என்று நினைத்து வெளுத்து வாங்கும். புகார் கொடுக்கப் போனவனையே பிடித்து உள்ளே தள்ளுகிற போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. பல வருஷங்களாக மாதம் ஒரு ஊசி, தினம் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை என்று மாமூல் கொடுத்து அந்த ஸ்டேஷனைத் தூங்க வைத்திருந்தேன்.

அப்போதுதான் பித்தப்பை தன் பங்குக்குக் கிளம்பியது. ஒரு சாயங்காலம் கடையில் இருக்கும்போது வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. வாயு என்று சோடா குடித்தேன். வலி முதுகு வழியாக ஏறித் தோள்பட்டையில் உட்கார்ந்துகொண்டது. ஐஸ் பெட்டிமேல் குப்புறப் படுத்தேன், மல்லாந்து படுத்தேன், எழுந்து கடையைச் சுற்றி ஓடினேன். மீன் வாங்க வந்தவர்கள், நான் ஏதோ வேண்டுதலில் அங்கப்பிரதட்சணம் செய்வதாக நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல்.

அறுவை சிகிச்சை டாக்டர் நிதானமானவர். “சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பையோட எடுத்துடலாம். ஆனா மறுபடி வலி வந்து, உள்ளே சீழ் பிடிச்சுட்டா வயித்தைப் பெரிசாத் திறக்கணும். உங்க வியாதிக்கு அந்தப் புண் லேசுல ஆறாது” என்றார். என் மூட்டு டாக்டரையும் போனில் கேட்டார். மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஊசி எதிர்ப்புச் சக்தியை அமுக்குவதால் அதை மட்டும் தள்ளிப்போட வேண்டும், அதன் வேகம் தணிந்த பிறகுதான் கத்தி. வேகம் தணிந்தால் ஸ்டேஷன் விழித்துக்கொள்ளுமே? விழித்துக்கொள்ளும். அது முழுசாக எழுந்து லத்தியைத் தேடுவதற்குள் பித்தப்பையை வெளியே எடுத்துவிட வேண்டும். இதுதான் கணக்கு.

“அதுவரைக்கும் கூட்டத்துல போகாதீங்க. சளி, காய்ச்சல் வந்தா மயக்க மருந்து டாக்டர் ஒத்துக்க மாட்டார்.”

என் மனைவிக்கு வேறொரு சந்தேகம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மீன் அரிகிறவள். “டாக்டர், பித்து ஒடையாம எடுப்பீங்க இல்ல? ஒடஞ்சா மொத்த மீனும் கசந்துபூடும்.”

டாக்டர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார், எந்த வகை மீன் என்று யோசிக்கிறவர்போல. “உள்ளேயே ஒரு கவர்ல போட்டுத்தாம்மா வெளியே எடுப்போம்.”

“அப்ப சரி” என்றாள், என்னை விலை பேசி முடித்த மாதிரி.

ஆபத்து கிருமியில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எங்கள் குப்பத்தில் கிருமி தனியாக வராது, ஆளோடு வரும், கையில் ரொட்டிப் பாக்கெட்டோடு வரும். ஒருவனுக்கு ஆப்ரேஷன் என்றால் கத்தி வைப்பதற்கு முன்பே போய் முகம் காட்டிவிட வேண்டும். பிறகு போனால், “இன்னா, பொழச்சானா செத்தானான்னு பாக்க வந்தியா?” என்று கேட்டுவிடுவார்கள். வராதவன் பகையாளி, வராதே என்று சொல்கிறவன் அதைவிடப் பெரிய பகையாளி. அதனால் வந்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, இதே ஆப்ரேஷனுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் வீட்டில் தங்குவதையே விட்டேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பின்வாசல் வழியாகக் கடற்கரை. அங்கே வலை பிரிப்பவர்கள் நலம் விசாரிக்க எழுந்தால் சவுக்குத் தோப்பு. தோப்பிலும் ஆள் இருந்தால் ரோட்டோரம். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்க. ஒருநாள் திருப்போரூர் போகிற பஸ்ஸில் காரணமே இல்லாமல் ஏறிவிட்டு, பஸ்ஸில் இருப்பதும் கூட்டம்தான் என்று பாதி வழியில் நினைவு வந்து இறங்கி, வெயிலில் நின்றேன். எனக்குள் பித்தப்பை ஒருபக்கம், மூட்டு ஒருபக்கம். எது முதலில் கதவைத் தட்டும் என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் விலாவைத் தடவிப் பார்த்தேன்.

இவ்வளவு ஓடியும் மச்சானிடம் மாட்டினேன். மனைவியின் தம்பி. ஒரு ஃபைபர் படகும், மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியும் வைத்திருப்பவன். என்னிடம் அவனுக்கு இருக்கும் பாசம் அளவில்லாதது, சத்தமும் அப்படியே. கடலிலிருந்து வந்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டான்.

“இன்னா மாமா, சிற்பிங்க ஊர்ல கல்லுக்கா பஞ்சம்? நீ வேற ஏன் வயித்துல ஒடச்சிக்கினு கீற?”

சிரித்தான். சிரித்து முடித்ததும் என் தோளின்மேலேயே தும்மினான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் எனக்கு நல்ல காய்ச்சல். நெஞ்சில் கொரகொர. மயக்க மருந்து டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்த வேகத்திலேயே வைத்துவிட்டார். “சளி முழுசாப் போகட்டும். சில வாரம் கழிச்சுப் பாக்கலாம்.”

அந்தச் சில வாரங்கள் இருக்கின்றனவே! ஆப்ரேஷன் முடியாமல் ஊசி கிடையாது. சளி போகாமல் ஆப்ரேஷன் கிடையாது. ஸ்டேஷனில் அத்தனை பேரும் எழுந்து டீ குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். காலையில் விரல்கள் மடங்கியபடியே இருக்கும். வெந்நீரில் ஊறப் போட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஐஸ் உடைக்கும் கட்டை என் கையில் நிற்கவில்லை. மனைவி கடையைப் பார்த்துக்கொண்டாள். நான் கடைக்குள்ளே குறுக்கும் நெடுக்கும் நடந்து அவளுக்கு இடைஞ்சல் செய்தேன்.

“யோவ், ஒரு எடத்துல குந்துயா. தலை சுத்துது எனக்கு.”

“குந்துனா எழுந்திருக்க முடியாதுடி.”

மறுபடி தேதி கிடைத்தபோது அவள் முடிவெடுத்துவிட்டாள். யாருக்கும் சொல்லப் போவதில்லை. கருங்குழியில் ஐஸ் ஃபேக்டரி முதலாளி பெண்ணின் கல்யாணத்துக்குப் போகிறோம், அங்கே தங்கிவிட்டு வருவோம். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அவள் தம்பிக்குத் தெரியாமல் இருக்காது. இது என் தொழில் வழி. பொய் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது அவள் கொள்கை. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ. எனக்குப் பட்டுக்கரை வேட்டி. வலது விலாவைப் பிடித்துக்கொண்டு, கோணல் விரலோடு, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றேன்.

தெருமுனையில் மச்சான் வண்டியோடு நின்றிருந்தான்.

“மாமாவ பஸ்ல இட்டுகினு போவியா? ஏறு, நானே மண்டபத்துல வுட்டுட்டு வரேன். சாப்பாட்டையும் ஒரு கை பாத்துடலாம்.”

நான் வாயைத் திறந்தேன். ஏப்பம்தான் வந்தது. ஊரையே சிரிக்க வைக்கிற வாய் அது. அவசரத்தில் மனைவிதான் சொன்னாள்: “வோணாம்டா. உன் வண்டி மீன் வாடை அடிக்கும். கல்யாணத்துக்குப் போறோம்.”

அவன் முகம் அப்படியே நின்றுபோனது. அந்த வாடையில்தான் அவளும் வளர்ந்தாள், அவள் கழுத்து நகையும் அதில்தான் வந்தது. வெளியூர்க்காரன் சொன்னால் சட்டையைப் பிடித்திருப்பான். அக்கா சொன்னதால் வெறுமனே தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஹாரன்கூட அடிக்கவில்லை.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்துவிட்டதோ என்று பதறி நான் நகர்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் அழுகிறாள் என்று தெரிந்தது. நான் எப்பேர்ப்பட்ட கணவன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த நர்ஸ், “அண்ணா, கல்யாண மண்டபம் அடுத்த தெருண்ணா” என்றாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். மூச்சை இழுக்கச் சொன்னார்கள். ஆயுளிலேயே அவ்வளவு ஒழுக்கமாக நான் மூச்சு விட்டதில்லை. மயக்க மருந்து டாக்டர் தலையை அசைத்தார். பட்டுக்கரை வேட்டியைக் கழற்றி, பின்பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியை மாட்டினார்கள். ஸ்டீராய்டை ஊசியாக ஏற்றினார்கள். தியேட்டருக்குள் எங்கள் கடையைவிடக் குளிர். கடைசியாக எனக்கு ஞாபகம் இருப்பது, டாக்டரிடம் ஐஸ் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டது.

கண் விழித்தபோது மனைவி முகம் மேலே தொங்கியது.

“ஆச்சா?”

“ஆச்சு. பித்து ஒடையல.”

நான் அழுதேன். மயக்க மருந்தின் வேலை என்று சொல்லிக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை அவள் போன் அடித்தது, மச்சான். குப்பத்துக்கு ஐஸ் ஏற்றி வந்த லாரி டிரைவரிடம், “மொதலாளி பொண்ணு கல்யாணத்தன்னிக்குக்கூட லோடா?” என்று மச்சான் கேட்டிருக்கிறான். முதலாளிக்குப் பெண்ணே கிடையாது என்று டிரைவர் சிரித்திருக்கிறான். அடுத்து யாரைக் கேட்பது, எங்கே வருவது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“கீழ நிக்கறேன். மேல வர்ல. எனக்குத்தான் தும்மல் வருமே.”

“டேய், அது இல்லடா...”

“அத்த வுடு. மாமா ஒடம்புக்குன்னா ஆயிரம் பொய் சொல்லு. வண்டிய ஏன் சொன்ன? தெனம் கழுவறேன்க்கா நானு.”

அவள் போனை என் மடியில் போட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“மாமா, நீ கீறியா? ஜன்னலாண்ட வா. முகத்தக் காட்டு, நான் பூடறேன்.”

கட்டிலிலிருந்து ஜன்னல் எட்டும் தூரம்தான். வயிற்றில் ஓட்டை போட்ட இடமெல்லாம் இழுத்தது, முட்டி மடங்க மறுத்தது, சலைன் கம்பியைத் தள்ளிக்கொண்டு எப்படியோ போய்ச் சேர்ந்தேன். கீழே வேப்பமரத்தடியில் அவன். பக்கத்தில் படகில் வரும் ரெண்டு பேர். குட்டியானை ஈரம் சொட்டச் சொட்டப் பளபளத்தது.

கையை ஆட்டலாம் என்று தூக்கினேன். காலை நேரம், ஊசி இல்லாத கை. விரல்கள் பிரியவில்லை. அவன் கண்ணுக்கு நான் முஷ்டியை உயர்த்திக்கொண்டு நின்றேன்.

இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தான். பிறகு தன் முஷ்டியை என்னைவிட உயரமாகத் தூக்கினான். கூட வந்தவர்களும் தூக்கினார்கள். மரத்தடியில் மருந்துச்சீட்டோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரியவர், எதற்கென்று தெரியாமலே தானும் தூக்கினார்.

“இன்னாண்ணா இது, ஸ்ட்ரைக்கா?” என்று நர்ஸ் ஓடிவந்தாள். “கைய எறக்குங்க, தையல் பிச்சிக்கப் போவுது.”

இறக்கவில்லை. கீழே அவன் இறக்கட்டும் என்று நின்றேன்.