ராகு காலம் தவிர்த்த ஏழு வரிகள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ஆபீஸ் ஆரியசாலைப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. இன்டர்நெட் எந்நேரமும் கிடைக்காது. எழுதிய மெயில்கள் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் வரிசையாகக் காத்திருக்கும். நாளுக்கு ஒரு தடவை மோடம் போன் போட்டு மொத்தத்தையும் அனுப்பும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று 'கிரான்' பட்டியலில் எண்களாக எழுதிவைத்தால் போதும், அது தானாகவே பார்த்துக்கொள்ளும்.

பட்டியல் எழுதுவது என் வேலை. கடிதங்களைக் கவனித்துவந்த அக்கா, மலையாளம் கலந்த தன் தமிழில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ராகு காலத்துல மட்டும் அனுப்பிடாதே, கேட்டியா?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "கம்ப்யூட்டருக்கு ஏதுக்கா ராகு?" என்று கிண்டலடித்துவிட்டு, காலண்டரைப் பார்த்துக் கிழமைக்கு ஒரு நேரமாக ஏழு வரிகள் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வாரமே அவருடைய சொந்த மெயில் ஒன்று போகவேண்டியிருந்தது. கணவர் ஆறு வருஷமாக மஸ்கட்டில். அங்கேயே இவருக்கும் ஒரு வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலேயே டைப் செய்து வைத்துவிட்டார். மதியம் இரண்டு மணிக்குப் போகும் என்று சொல்லியிருந்தேன்.

பதினோரு மணிக்கே மோடம் கத்தியது. அக்கா அப்போது பக்கத்து அறையில். ஓடிப்போய்ப் பார்த்தால், நட்டநடு ராகு காலத்தில் மெயில் போய்விட்டிருந்தது. காலண்டரில் ஞாயிறுதானே முதல் கட்டம், அதை ஒன்று என்று எண்ணியிருந்தேன். கிரானுக்கோ ஞாயிறு பூஜ்யம், திங்கள்தான் ஒன்று. வியாழனுக்கு எழுதிய பதினோரு மணியை அது வெள்ளிக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. சத்தம் போடாமல் எண்களைத் திருத்தினேன்.

இரண்டு மணிக்கு அக்கா வந்து, "போயாச்சா?" என்றார்.

"போயாச்சு அக்கா."

பொய் இல்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்து நாள் பதில் இல்லை. நம்பிக்கையே இல்லாத நான் தினமும் ராகுவைத் திட்டினேன், பிறகு கெஞ்சினேன். பதினோராம் நாள், கிளம்பி வரச்சொல்லி மெயில் வந்தபோது அவரைவிட எனக்குத்தான் கண் கலங்கியது.

கடைசி நாள் விடைபெறும்போது கேட்டார்: "அன்னைக்குப் பதினோரு மணிக்கு மோடம் கத்தினது எனக்குக் கேக்கலேன்னா நினைச்சே?"

தூக்கியிருந்த அவர் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"நீ பயந்து பேடிச்சுப்போய் நின்னே. அதான் ஒண்ணும் மிண்டலை, வாயே திறக்கலை. சாயங்காலம் பழவங்காடிக் கோயில்ல ரெண்டு தேங்காய் உடைச்சேன். ஒண்ணு மெயிலுக்கு, ஒண்ணு உனக்கு."

அந்த ஆபீஸில் அதற்குப் பிறகு யாரும் ராகு காலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் நான் வேலையை விடும்வரை அந்த ஏழு வரிகளை மாற்றவில்லை.