அரக்கு வைத்த கொம்பியூட்டர்

மருதமுனையில் சாறன் மொத்த வியாபாரம் செய்த அப்துல் ஸமட் ஹாஜியார், ஓய்வு பெற்ற தபாலதிபர். அவரிடம் வேலை பார்த்த நளீம், கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்த இளைஞன். தொண்ணூற்றாறாம் ஆண்டு இவ்விருவரையும் ஒரே அறையில் அடைத்துவைத்தது.

நூலின் நிறங்களைச் சொன்னால் சாறன் கட்டம் திரையில் விழும். அதுதான் நளீம் எழுதிய புரோகிராம். ஹாஜியாருக்கு அது அரச இரகசியம். அதே கட்டங்களைக் கல்முனைச் சந்தையில் பாதிப்பேர் இடுப்பில் கட்டித் திரிந்தது அவருடைய கொள்கையை அசைக்கவில்லை. வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து வந்து, கொம்பியூட்டரில் புளொப்பி நுழையும் வாயில் புது அரக்கு உருக்கி ஊற்றிப் பித்தளை முத்திரை குத்துவார். உள்ளே எதுவும் போகாது, வெளியே எதுவும் வராது.

கொழும்பில் ஒரு கம்பனி நளீமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. செய்த வேலையைப் புளொப்பியில் கொண்டுவர வேண்டுமாம். அந்த அறையிலிருந்து தப்ப அவனுக்கிருந்த ஒரே வழி அது.

“ஒரே ஒரு கொப்பி ஹாஜியார். நான் எழுதினதுதானே.”

“கடிதம் சுமந்தவனுக்கா தம்பி கடிதம் சொந்தம்?”

“சுமக்கல்ல ஹாஜியார், பெத்திரிக்கன்.”

“பெத்தாலும் பிள்ள பிறந்தது என்ட வீட்டுலதானே?”

கடைசியில் நளீமின் உம்மா வந்து அழுதார். ஹாஜியார் இளகினார். “சரி, பிஸ்மி சொல்லிப் போடுங்க. நான் பக்கத்துல இரிப்பன்.”

முத்திரை உடைந்தது. புளொப்பிதான் நுழையவில்லை, வாரா வாரம் வழிந்த அரக்கு உள்ளே இறுகிக் கிடந்தது.

“அரக்கு என்னத்துக்கு மசியும் எண்டு எனக்குத் தெரியும்” என்ற ஹாஜியார், தபால் கந்தோர் அனுபவம் முழுவதையும் திரட்டி மெழுகுதிரியைப் பற்றவைத்துப் புளொப்பி வாயருகே பிடித்தார். அரக்கு மசிந்தது, ஆழமாகவே போனது. புகை வந்தது. திரை இருண்டது.

பாண்டிருப்பிலிருந்து வந்த மெக்கானிக் பாக்கியராசா பெட்டியைத் திறந்து பார்த்தார். “மெசின் முடிஞ்சுது. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒண்டுமில்ல. புரோகிராம் அதுக்குள்ளதான். என்ட கடைக்குக் கொண்டுபோனா எடுத்துத் தரலாம்.”

நளீமின் முகத்தில் உயிர் வந்தது. ஹாஜியார் எழுந்தார்.

“வெளியயா?”

டிஸ்க்கைச் சீலைப்பையில் வைத்துத் தைத்து, அரக்கு வைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டினார். நளீம் வெறுங்கையோடு கொழும்புக்குப் போனான். எழுதியதைக் காட்டச் சொன்னார்கள். வெறுங்கையோடு திரும்பினான்.

இப்போது அதே கடையில் சாறன் மடிக்கிறான். ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியார் இரும்புப் பெட்டியைத் திறந்து முத்திரையைத் தடவிப் பார்ப்பார்.

“பாத்தீங்களா தம்பி, ஒருத்தனாலயும் தொட ஏலா.”

“ஓம் ஹாஜியார்,” என்பான் நளீம், மடிப்பிலிருந்து தலை நிமிராமல். “என்னாலயும்.”