லூர்த்தம்மா நீட்டிய கோப்பை

லூர்த்தம்மா போன புதன்கிழமை காலமானார். ஐம்பது வயதாகவில்லை. நெஞ்சு நோகிறது என்று பின்னேரம் படுத்தவர் எழும்பவில்லை. அழுகிறவர்கள் அழுது முடித்துவிட்டார்கள். எனக்கு அழத் தெரியாது. அவரைப் பற்றி நான் அறிந்ததை எழுதி வைக்கிறேன்.

போரால் கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு கொழும்புத்துறைக் கரையில் அவருடைய கணவர் சூசைதாசனின் வள்ளம் கவிழ்ந்தே கிடந்தது. கருவாடு காயவிட்டு விற்ற லூர்த்தம்மாவுக்கும் தொழில் இல்லை. தொண்ணூற்றிரண்டில் எங்கள் மாதர் சங்கம் அங்கே மூன்று மாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. காலையில் தாய் சேய் சுகாதாரம். மத்தியானத்துக்குப் பிறகு அரிசி, பயறு, கடலை வறுத்துச் சத்துமா இடிக்கப் பழக்குவது. முடித்தவருக்கு இருபது வீடுகள் பொறுப்பு. அந்த வீடுகளில் வருத்தம், நோய் பார்ப்பதும் மா விற்பதும் அவரே. முதலாவதாகப் பெயர் கொடுத்தவர் லூர்த்தம்மா. படிப்பித்தவள் நான்.

மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போவேன். அந்தக் கரைக் கிணறுகள் உவர். அதனால் கரியரில் ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணீர் கட்டிக்கொண்டு போவேன்.

"ரீச்சர், கிணத்தை விட்டிட்டு வந்திட்டியளோ? அதையும் கரியரிலை கட்டியிருக்கலாம்" என்பார் லூர்த்தம்மா. மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவர்கள் தரும் தேநீரை நான் முகம் சுளிக்காமல் குடிக்கப் பார்ப்பதும் அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தண்ணீரையும் அந்தக் கான் தண்ணீரில்தான் கரைத்துக் காட்டினேன். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணீரைவிட உப்பாக இருக்கக்கூடாது என்று சொன்னேன். எல்லோரும் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பயிற்சி முடிந்து இரண்டாம் கிழமை. பக்கத்து வீட்டு அருமைநாயகியின் பத்து மாதக் குழந்தை மரியறோசாவுக்கு வயிற்றோட்டம். வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பகுதி வழக்கம். லூர்த்தம்மா பிடிவாதமாக நின்று அதை மாற்றி, முதல் நாள் பின்னேரமே கரைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

நான் காலையில் கான் இல்லாமல்தான் போனேன். குழந்தையின் உதடு வெடித்திருந்தது, இரவிலிருந்து சலமும் போகவில்லையாம். கரண்டியைக் கண்டால் பாய்ந்து குடித்தது. குடித்ததும் முன்னையைவிடக் கூடுதலாக வீரிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றால் மேலே இராணுவ ஹெலிகொப்டர் சுற்றியது. வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

"நீங்கள் சொன்னபடிதானே அக்கா செய்தன். பிள்ளை காய்ஞ்சுகொண்டெல்லே போகுது" என்று லூர்த்தம்மாவிடம் சொன்னார் அருமைநாயகி.

நான் போத்தலைப் பார்த்தேன். கரண்டியைப் பார்த்தேன். அளவுகளைக் கேட்டேன். ஒன்றும் பிழையில்லை.

"எல்லாம் சரிதான் அக்கா. விடாமல் குடுங்கோ" என்று லூர்த்தம்மாவுக்குச் சொன்னேன்.

லூர்த்தம்மா கொடுக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு போத்தலிலிருந்து ஒரு கோப்பைக்குள் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"குடியுங்கோ ரீச்சர்."

"எனக்கு விடாய் இல்லை."

"விடாய்க்கில்லை. குடியுங்கோ."

ஒரு வாய் குடித்தேன். லூர்த்தம்மா கோப்பையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"கரிக்குதோ?"

"ஓம்."

"எனக்குக் கரிக்கேல்லை. பிறந்த நாள் துடக்கம் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறன். எனக்கெங்காலை தெரியப்போகுது? கிணத்திலையே உப்பு. அதுக்கு மேலை நாங்களும் போட்டிருக்கிறம். நீங்கள் படிப்பிச்ச அளவு மானிப்பாய்த் தண்ணிக்கு."

அந்தக் கரையில் ஒருவர் நாக்கிலும் பிடிபடாத உப்பு அது. என்னுடைய நாக்கு மட்டும்தான் பிடித்திருக்கும். நானோ அன்றைக்குவரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்ததைக் குடித்துப் பார்க்கவில்லை.

நல்ல தண்ணீர்க் கிணறு கால் மைல் உள்ளே, ஆழ்வாப்பிள்ளையின் தோட்டத்தில் இருந்தது. கரைச் சனம் அதில் வாளி போடுவதில்லை, தீட்டாம். அவர் மனம் வைத்து அள்ளி ஊற்றினால்தான் உண்டு. லூர்த்தம்மா குடத்தோடு வேலியோரமாக ஓடினார். ஹெலி இரண்டு தரம் அவர் தலைக்கு மேலால் போனதை வாசலில் நின்று பார்த்தோம். அருமைநாயகி செபமாலையை எடுத்தார். நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குடம் நிறையத் தண்ணீரோடு திரும்பியவர் மூச்சு வாங்கியபடியே சிரித்தார்.

"மனுசன் பங்கர் குழிக்குள்ளை இருக்கிறார். ஆரது எண்டார். தண்ணிக்கு வந்தனான் ஐயா, பிள்ளைக்கு வருத்தம் எண்டன். வெளியிலை வரப் பயம். 'வாளி உதிலை கிடக்கு, நீயே அள்ளு' எண்டு உள்ளுக்கிருந்து சத்தம் போடுறார்."

கொதிக்கவைத்து, ஆறவைத்து, கரைத்தோம். முதலில் நான் குடித்துப் பார்த்தேன். பிறகு கரண்டி கரண்டியாக லூர்த்தம்மா கொடுத்தார். மத்தியானம் குழந்தை அழுகையை நிறுத்தித் தூங்கியது. எழும்பி அவர் மடியிலேயே சலம் பெய்தது. அவர் சேலையை மாற்றவில்லை. நனைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து, "போயிட்டுது ரீச்சர், போயிட்டுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னேரம் பாதை திறந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை, அதையே கொடுங்கள் என்றார்.

அடுத்த நாள் ஆழ்வாப்பிள்ளை கிணற்றடியில் நின்றாராம். லூர்த்தம்மா குடத்தை வைத்துவிட்டுத் தானே வாளியைப் போட்டிருக்கிறார். மனுசன் தடுக்கவில்லையாம். அதற்குப் பிறகு அந்தக் கரையில் வயிற்றோட்டத்துக்கு அந்தத் தண்ணீர்தான். லூர்த்தம்மாவின் சத்துமாவும் இருபது வீடு தாண்டிக் கோயிலடி வரை போனது.

சாவகச்சேரியில் அடுத்த பயிற்சியைத் தொடங்கியபோது நான் கான் கொண்டுபோகவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவர வேண்டும் என்பதே முதல் பாடம். அன்றைக்கு லூர்த்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தண்ணீரை ருசி பார்க்கச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

"உப்புக்கு என்ரை நாக்கு உதவாது. பக்கத்து ஊர்க்காரியிட்டைக் குடுத்துப்போட்டு, அவளின்ரை மூஞ்சையைப் பாருங்கோ" என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

செத்த வீட்டில் அருமைநாயகி எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார். அதே உவர். மரியறோசாவுக்கு இப்போது நாலு வயதாகப் போகிறது. என் மடியில் ஏறி இருந்து, கேட்காமலே கோப்பையை வாங்கி அரைவாசியைக் குடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளிப்பும் இல்லை. மிச்சத்தை நான் குடித்தேன்.