நீ இரு, நான் எடுத்துக்கிறேன்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்றில் சூர்யகலாவுக்கு நாலு வருடப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாலும், அரிசி நிறைந்த காய் எது, வெறுந்தோல் எது என்று அவள் விரலுக்குத் தெரியும். கட்டிக்கொண்ட புருசன் விஷயத்தில் மட்டும் எட்டு மாதமாகியும் ஒன்றும் பிடிபடவில்லை.

முதல் கணவன் மெட்டு மலைப்பாதையில் ஜீப்பு கவிழ்ந்து இறந்தபோது மகள் அனுப்பிரியாவுக்கு ஒன்றரை வயது. அதன் பிறகு சிலமலையில் அண்ணன் காசிமாயன் வீட்டிலிருந்துதான் கொட்டகைக்கு வந்து போனாள். அண்ணன் பார்த்துக் கட்டி வைத்தவர்தான் அழகுமலை. மலைமேல் ஏலத்தோட்டங்களில் மருந்து அடிக்கிறவர்.

"மூத்த தாரம் முத்துப்பேச்சி வயித்துவலியில போயிருச்சு. பதினாலு வயசுல ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு. ஆளு அதிர்ந்து பேச மாட்டாரு" என்றார் அண்ணன்.

அது உண்மைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை.

அனுவுக்கு அன்று இருமல். சூர்யகலா மருந்துக்கடையில் வாங்கி வந்த பாட்டிலை அடுப்படி அலமாரியில் வைத்திருந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, மூத்த தாரத்து மகள் கலையரசியிடம் சொன்னாள்: "கலை, அந்த மருந்தக் கொண்டா."

கலையரசி எடுத்து வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அழகுமலை எச்சில் கையோடு பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். பாட்டில் சுவரில் மோதி உடைந்தது. அவர் குனிந்து, வழிந்ததை விரலால் தொட்டு முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"இனிமே அவகிட்ட எதையும் கொண்டான்னு சொல்லாத."

அன்று சாயங்காலமே ஒரு தகரப்பெட்டி வந்தது. அதற்கொரு பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில் ஏறியது. அனுவுக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்றால் அவரே பெட்டியைத் திறந்து, அவரே மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் சூர்யகலா இன்னொன்றைக் கவனித்தாள். தண்ணி கொண்டா, துண்டக் கொண்டா, வெரசா கொண்டா என்று பிள்ளைகளை நாளுக்கு நூறு தடவை ஏவாத வீடு போடியில் கிடையாது. இந்த மனிதர் மட்டும் பெற்ற மகளிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டதில்லை. அவளாக எழுந்தாலும், "நீ இரு, நான் எடுத்துக்கிறேன்" என்பார்.

கொட்டகையில் பக்கத்தில் உட்காரும் வேலுத்தாயிடம் மெல்லச் சொன்னாள்.

"உம் புருசன் சத்தம் போட்டுச்சா? அப்ப மலைமேல மூணு நாளைக்கு மழைதாண்டி" என்று வேலுத்தாய் சிரித்தாள். பிறகு சல்லடையை ஆட்டுவதை நிறுத்தினாள். "ஆமா, முத்துப்பேச்சி எப்படிச் செத்தான்னு உங்கண்ணன் சொன்னாரு?"

"வயித்துவலின்னு."

"வயித்துவலி தாங்காம மருந்து குடிச்சிட்டான்னுதான் போலீசுல எழுதுனது. அவ ஆத்தா வீட்டுக்காரங்க வேற மாதிரி சொல்லுவாங்க. எனக்கெதுக்கு ஊர் சோலி? நீ பிள்ளக்காரி, பாத்துப் பதனமா இருந்துக்க."

விடியுமுன் தோட்டத்து ஜீப்புக்குக் கிளம்புகிற அழகுமலை, தானே டீ போட்டுக் குடித்துவிட்டு, அவளுக்கும் ஒரு தம்ளர் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போவார். மறுநாளிலிருந்து அந்த டீ சாக்கடைக்குப் போனது. அனுவின் சோற்றை அவள் ஒரு வாய் தின்று பார்த்து, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் ஊட்டினாள். ஆறு வயதுப் பிள்ளை, "அம்மா, எஞ்சோத்தையும் நீயே திங்கிற" என்று அழுதது.

ஒரு வாரம் கழித்து, கலையரசிக்குத் தலை பின்னிவிடும்போது வாய்தவறியதுபோல் கேட்டாள்.

"உங்கம்மா ஞாபகம் இருக்கா கலை?"

சடையைப் பின்னி முடிக்கும்போது அந்தப் பிள்ளை முன்பக்கம் பார்த்தபடியே சொன்னது: "எங்கம்மாவுக்கு மருந்து குடுத்தது எங்கப்பாதான் சித்தி. எனக்கு அஞ்சு வயசு. அம்மா தரையில கெடந்துச்சு. அப்பா கையில பாட்டிலு இருந்துச்சு. நான் பாத்தேன்."

"யார்ட்டயும் சொன்னியா?"

"சொன்னா அப்பாவப் பிடிச்சிட்டுப் போயிருவாங்கள்ல? அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

சூர்யகலாவின் கையிலிருந்து ரிப்பன் நழுவியது.

மறுநாள் காலை கலையரசி பள்ளிக்குப் போன பிறகு, இருமலால் பள்ளிக்குப் போகாமல் கிடந்த அனுவின் துணிகளைப் பையில் திணித்தாள். சிலமலைக்கு பஸ்சு பதினொன்றரைக்கு. ஆனால் அண்ணன் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பிள்ளை சொன்னதை வைத்துக்கொண்டா வாழாமல் வந்து நிற்கிறாய் என்பார். காட்ட ஏதாவது வேண்டும். பெட்டிக்குள் அது இருக்கும்.

குழவியால் பூட்டில் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் கொக்கி பிய்ந்தது.

உள்ளே இருமல் மருந்து. காய்ச்சல் மாத்திரை. தலைவலித் தைலம். எதிலும் தோட்டத்து மருந்தின் வாடை இல்லை. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி, கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: "இருமல். சின்னவளுக்கு. பாத்தாச்சு." "காய்ச்சல். பாத்தாச்சு." அவள் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து முகர்ந்தாள். விஷம் இருந்திருந்தால்கூட இவ்வளவு குளிர் எடுத்திருக்காது. இதற்கு எதற்குப் பூட்டு?

வாசலில் ஜீப்பு நிற்கும் சத்தம் கேட்டது.

மேலே மழை பெய்தால் மருந்து அடிக்க முடியாது. ஜீப்பு பாதியில் திரும்பிவிடும். போடியில் பிறக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அன்று அவள் மலையைப் பார்க்க மறந்துவிட்டாள்.

அழகுமலை நனைந்த சட்டையோடு நிலைப்படியில் நின்றார். பிய்ந்த பூட்டையும், பையையும், அனுவைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்றவளையும் பார்த்தார். பிறகு வாசலை அடைத்தபடி அங்கேயே உட்கார்ந்தார். வெளியே போக வேறு வழி கிடையாது.

"என்ன விட்ருங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"கலை சொன்னாளா?"

அவள் பையைக் கையில் எடுத்தாள்.

"எங்கையில பாட்டிலு இருந்துச்சுன்னு சொல்லிருப்பா. இருந்தது நெசந்தான்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தோட்டத்துல அடிச்சு மிஞ்சுன மருந்த ஒரு பழைய இருமல் பாட்டில்ல ஊத்திக் கொண்டாந்தேன், மூட்டப்பூச்சிக்குன்னு. அலமாரியில வச்சிட்டு மறுநா வேலைக்குப் போயிட்டேன். முத்துப்பேச்சிக்குச் சளி, மூக்கடைப்பு. பிள்ளையக் கூப்பிட்டு, மருந்தக் கொண்டாடின்னு சொல்லிருக்கா. ரெண்டுக்கும் மருந்துன்னுதானே பேரு. அஞ்சு வயசுப் பிள்ள, எட்டுன பாட்டில எடுத்துக் குடுத்துருக்கு."

"வாடை தெரியலையா?"

"எஞ்சட்டை, எந்தலை, இந்த வீடு எல்லாமே அந்த வாடைதானே அப்ப. நான் வந்து பாக்குறப்ப இவ நுரை தள்ளிக் கெடக்கா. பாட்டிலு கலை கையில இருக்கு. பிடுங்குனேன். அதுதான் அவளுக்கு ஞாபகம்." நனைந்த சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஜீப்புல வச்சு முத்துப்பேச்சி எல்லாம் சொன்னா. கடைசியா, பிள்ளைக்குத் தெரியவேணாம்னா. அவளா குடிச்சான்னு நானே எழுதிக் குடுத்தேன்."

"கலை உங்களக் கொலகாரன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா."

"தெரியும். எம்மேல கோவத்தோட வளர்ந்துட்டுப் போகட்டும். இது தெரிஞ்சா அது என்னத்த வளரும்?"

அவர் எழுந்து வாசலைவிட்டு விலகினார். "போறதுன்னா போ. கலைகிட்ட மட்டும் எதையும் கேட்டுறாத. கேக்கக் கேக்க, மறந்ததெல்லாம் ஞாபகம் வந்துரும்."

சூர்யகலா ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

பதினொன்றரை பஸ்சு போனது. அவர் டீ போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். ஆறுவதற்குள் அதைக் குடித்தாள்.

நாலரை மணிக்குக் கலையரசி வந்தாள். பையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"ஊருக்கா சித்தி? பூட்ட யாரு ஒடச்சா?"

"நாந்தான். சாவி தொலஞ்சுருச்சு. ஊருக்கெல்லாம் போகல." அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் பொய் அது. முகம் சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை.

பாயில் கிடந்த அனு இருமினாள். விடாமல் இருமினாள். கலையரசி புத்தகப் பையை இறக்கிவிட்டுத் திறந்து கிடந்த பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"நீ இரு, நான் எடுத்துக்கிறேன்."

சொன்ன பிறகுதான் சூர்யகலாவின் காதில் அது விழுந்தது. கலையரசி சிரித்துவிட்டாள். "அப்பா மாதிரியே சொல்றீங்க சித்தி." பிறகு சிரிப்பு நின்றது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்தப் பிள்ளை தன் கையைத் தானே பார்த்தது.

"ஏன் சித்தி, நான் எடுத்தா என்ன?"

சூர்யகலா மருந்தை மூடியில் ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது. தலையைத் தூக்காமல், "மொத கையக் கழுவிட்டு வா" என்றாள். கலையரசி நகரவில்லை.