காம்பை வைத்து ஒரு பரீட்சை

போன சனிக்கிழமை, திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு லேடீஸ் கிளப் வராந்தாவில் தேவுடு காத்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் சகதர்மிணி கோமளத்துக்குப் பரீட்சை!

என்ன பரீட்சை என்கிறீர்களா? பூ ஜோடனை. ஜாடியில் பூ வைக்க ஒரு கிளாஸா என்று நானும்தான் கேட்டேன்.

"ஏன்னா, பூவை எல்லாரும்தான் பாக்கறா. காம்பைப் பாக்கணும், அதான் பாடம்" என்று வீட்டைப் பட்டறை ஆக்கிவிட்டாள். ரோஜா மாதிரி கட்டைக் காம்பை நுனியில் நசுக்க வேண்டுமாம். என் சுத்தியல் போயிற்று. பால் வடிகிற காம்பை மெழுகுவர்த்தியில் சுட வேண்டும். குழலாக இருக்கிற டேலியாக் காம்பில் தண்ணீர் ஊற்றிப் பஞ்சு அடைக்க வேண்டும்... பூவுக்கு வைத்தியம் நடந்தது, எனக்குக் காப்பி வரவில்லை.

முதலாவதாகத் தேறுகிறவருக்குக் கிளப் ஆண்டு விழா மேடையை ஜோடிக்கும் சான்ஸ். கோமளம் அதற்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சரம்மா பக்கெட் நிறையப் பூவும் தழையும் வைத்துவிட்டு, ஜாடி எடுத்துவர அடுத்த அறைக்குப் போனார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பகீர் என்றது!

கோமளத்தின் கை ஸ்ரீரங்கத்துக் கை அல்லவா? பூ என்றால் கிள்ளித் தொடுக்கத்தானே தெரியும்? பக்கத்து மாமியோடு பேச்சு சுவாரஸ்யத்தில், கொத்தைக் கட்டியிருந்த வாழை நாரை அவிழ்த்து, கிள்ளிக் கிள்ளி... டீச்சரம்மா திரும்பி வந்தபோது மேஜையில் கதம்ப மாலை. பக்கெட்டில் மொட்டைக் காம்புகள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? எதை வச்சு நான் பரீட்சை நடத்துறது? கிளம்புங்க, நீங்க ஃபெயில்!"

கோமளத்தின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே அழுகை வந்துவிட்டது. ஆனால் அவள் விடுவாளா?

"டீச்சர், பாடமே காம்புதானே? அது அப்படியே இருக்கே. எது எந்தப் பூவோட காம்புன்னு கேளுங்கோ!"

டீச்சரம்மா முறைத்தார். சரி பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாக நீட்டினார். பூவைப் பார்த்தே பழகிய மற்றவர்கள் திருதிருவென்று முழித்தார்கள். ஒருத்தி கல்வாழையைச் சம்பங்கி என்றாள். கடைசியாகக் கோமளம். நகத்தால் ஒரு கீறல் —

"கட்டை. ரோஜா, நசுக்கணும். இது பால் வரது, நந்தியாவட்டை, சுடணும். இது குழல், டேலியா. இது நாலு பட்டையா இருக்கு, துளசி..."

"எப்படிம்மா?"

"இப்போதானே எல்லாத்தையும் கிள்ளினேன்? நகத்துக்குத் தெரியாதா!"

டீச்சரம்மா சிரித்துவிட்டார். முதலிடம் கோமளத்துக்கே! எனக்குத் தலைகால் புரியவில்லை. மாலை, ஜட்காவில் அவள் மடியிலேயே வந்து எங்கள் வீட்டுப் பெருமாள் படத்தில் ஏறியது.

விழா மேடைக்கு டீச்சரம்மா போட்டது ஒரே ஒரு கண்டிஷன், அதுவும் எனக்கு. "சார், அவங்க கைக்கு எட்டுற தூரத்துல நார் எதுவும் இல்லாம பாத்துக்குங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நார் இல்லாவிட்டால் புடவைத் தலைப்பிலிருந்து நூல் உருவிக்கொள்வாள் என்பதைச் சொல்லவில்லை!